புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர்: சட்டம் சொல்வது என்ன?

கேள்வி: வரப்புத் தகராறில் என் மீது புகார் கொடுத்திருக்கிறார்கள். காவல் நிலையத்திற்கு வருமாறு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்துள்ளது. போனால் கைது செய்துவிடுவார்களா?

பதில்: ஏழாண்டு வரை தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில், கைது ஏன் தேவை என்பதை அதிகாரி எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கைது தேவையில்லை எனில், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி, முன்னிலையாகுமாறு அறிவிப்பு தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025-இல் அதே நீதிமன்றம் கூறியது. அதற்காக இந்த அழைப்பைப் புறக்கணித்துவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஒரு வழக்கறிஞர் மூலம் முறையான அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வந்தபின் தவறாமல் செல்லுங்கள். அதையும் மீறிக் கைதானால், காரணத்தை அறிவதும், நீங்கள் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்வதும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தப்படுவதும் அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பு தரும் உரிமைகள்.

கேள்வி: என் தம்பியைக் கொன்றவர்கள் மீதான வழக்கில் எங்கள் வழக்கறிஞரை வாதிட விடுவதில்லை. பாதிக்கப்பட்ட எங்களுக்கு அங்கே இடமே இல்லையா?

பதில்: இடம் உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பது அன்று. கொலை அரசுக்கு எதிரான குற்றமாகவே நடத்தப்படுவதால், அமர்வு நீதிமன்றத்தில் வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர்தான். உங்கள் வழக்கறிஞர் அவருக்குத் துணை நிற்கலாம். சாட்சி விசாரணை முடிந்தபின் நீதிமன்ற அனுமதியுடன் எழுத்து மூலம் வாதுரை தரலாம். பழியுணர்ச்சி வழக்கை இழுத்துச் செல்லக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம் என்பதால், எனக்கு இது சரியாகவே படுகிறது. அரசு வழக்கறிஞர் அசட்டையாக இருக்கும்போது அது குடும்பத்தாருக்குக் கொடுமையாகிவிடுவதையும் மறுக்க இயலாது. அதே வேளையில், புலனாய்வின் முன்னேற்றத்தைக் காவல்துறை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் வாகனம் ஏறி இறந்த லக்கிம்பூர் கேரி வழக்கில், பாதிக்கப்பட்டோரை முறையாகக் கேளாமல் வழங்கப்பட்ட ஜாமீனை 2022-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) விடுதலையானாலோ, சிறிய குற்றத்திற்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ நீங்களே மேல்முறையீடு செய்யலாம். தண்டனை போதவில்லை என்பதற்காக மட்டும் செய்ய இயலாது.

கேள்வி: புகார் கொடுத்த என்னைக் குறுக்கு விசாரணையில் துளைத்தெடுக்கிறார்கள்; எதிரியோ வாயே திறக்கவில்லை. இது நியாயமா?

பதில்: தனக்கு எதிராகவே சாட்சி சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). சம்மதமின்றி உண்மை கண்டறியும் சோதனை நடத்துவதையும் 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. அத்தரப்பின் சாட்சி நீங்கள். சாட்சியை அவமதிக்கும் நோக்கில் கேட்கப்படும் கேள்விகளைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: விடுதலையாகிவிட்டேன். பொய்ப் புகார் கொடுத்தவர் மீது வழக்குப் போடலாமா?

பதில்: குற்றம் ஐயமற நிரூபிக்கப்படாததால், அதாவது ஐயத்தின் பலனால், விடுதலையானீர்கள் என்றால், அதனாலேயே புகார் பொய்யாகிவிடாது. நீதிமன்ற நடவடிக்கை தொடர்பான பொய்க் குற்றச்சாட்டுக்கு அந்த நீதிமன்றமே எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்பதால், முதலில் அங்கேயே மனுச் செய்யுங்கள். தீய நோக்கத்துடன் வழக்குத் தொடுத்ததற்காக உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோருவதாயின், காலவரம்பு விடுதலையான நாளிலிருந்து ஓராண்டு மட்டுமே.