பின்னட்டைப் பெயர்கள்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் எடிசனில் வசிக்கிறேன். இரண்டு வருடமாக ஜாஸ் கேட்கிறேன். சனிக்கிழமைகளில் பிரின்ஸ்டன் போய், பழைய இசைத்தட்டுக் கடையின் மலிவு விலைப் பெட்டிகளைக் கிளறுவது வழக்கம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நட்சத்திரம், இணையத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று ஃபோனில் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். போன மாதம் நாலு டாலருக்கு எடுத்த ஒன்று எழுபது டாலருக்குப் போகிறது. இன்னும் உறையைப் பிரிக்கவில்லை. மூலை வெட்டப்பட்ட உறைகளை வாங்கலாமா? எல்பி நல்லதா, சிடி போதுமா? பலர் கவனிக்காமல் விட்ட பத்து ஆல்பங்களின் பட்டியல் தர முடியுமா? இன்னொரு சந்தேகம்: மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன் எல்லாம் இருக்கும்போது இரண்டாம் வரிசை ஆட்களைக் கேட்க நேரம் செலவிடத்தான் வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூலை வெட்டிய உறையைத் தாராளமாக வாங்குங்கள். அந்தக் காலத்தில் விற்காமல் தேங்கிய பிரதிகளை அமெரிக்கக் கம்பெனிகள் மொத்தமாக மலிவு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அவற்றை யாரும் திருப்பிக் கொண்டுவந்து முழு விலையைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக உறையின் மூலையை வெட்டுவார்கள், துளை போடுவார்கள், அல்லது ஓரத்தில் ரம்பத்தால் ஒரு பள்ளம் அறுப்பார்கள். உள்ளே இருக்கும் தட்டுக்கு அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. எல்பியா சிடியா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. பட்டியல் தர மாட்டேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்ச நாளாக டீனா புரூக்ஸ் என்ற டெனார் சாக்ஸஃபோன் கலைஞரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து ‘இரண்டாம் வரிசை’ என்று உங்கள் கடிதம் வருகிறது. படித்ததும் கோபம் வந்தது.

அந்த வரிசையை யார் போட்டது? 1958 முதல் 1961 வரை புளூ நோட் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக புரூக்ஸ் தன் தலைமையில் நான்கு ஆல்பங்களுக்கான இசையைப் பதிவு செய்தார். உயிரோடு இருந்தபோது வெளிவந்தது ஒன்றே ஒன்று, 1960இல் பதிவான ‘ட்ரூ புளூ’. ‘பேக் டு த டிராக்ஸ்’ ஆல்பத்துக்கு வரிசை எண் கொடுத்தார்கள், அட்டைகூடத் தயார், ஆனால் கடைக்கு வரவில்லை. 1961க்குப் பிறகு அவர் பதிவே செய்யவில்லை. போதைப் பழக்கம் உடம்பை அரித்துவிட்டது. 1974இல் செத்துப்போனபோது வயது 42. அப்புறம் மைக்கேல் கஸ்கூனா என்பவர் புளூ நோட் கிடங்கில் கிடந்த ஒலிநாடாக்களைத் தேடித் தோண்டி எடுத்தார். அவருடைய மொசைக் நிறுவனம் 1985இல் இந்த நான்கையும் ஒரே பெட்டியாக வெளியிட்டது. இன்றைக்கு ‘ட்ரூ புளூ’வின் முதல் பதிப்புக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள். நாடாவில் இருந்த இசை 1960இல் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. ஆல்பத்தை வெளியிடாமல் வைத்தது கம்பெனி. அந்தக் கம்பெனியின் முடிவை நீங்கள் இசையின் தரம் என்று எடுத்துக்கொண்டு என்னிடம் வரிசை பேசுகிறீர்கள்.

ஒரு முறை கேளுங்கள். தொனி கனமில்லாதது, அதட்டாதது. ஒரு வாக்கியத்தை நாம் எதிர்பார்க்கும் இடத்தில் தொடங்க மாட்டார். முடியும் என்று நினைக்கும் இடத்தையும் தாண்டி இழுத்துக்கொண்டு போவார், மூச்சு முட்டுவதே தெரியாது. உள்ளுக்குள் ஏதோ ஒரு வருத்தம் ஓடிக்கொண்டிருக்கும். ‘ட்ரூ புளூ’வைப் பதிவு செய்தது ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் ஸ்டுடியோவில். உங்கள் வீட்டிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம்.

சரி, நட்சத்திரங்களுக்கு வருகிறேன். நாலு டாலர் பெட்டியால் என்ன லாபம் தெரியுமா? தெரியாத பெயரை நம்பிக் காசைப் போடலாம். பிடிக்கவில்லை என்றால் போவது நாலு டாலர். அந்தச் சுதந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு யாரோ கேட்டுப் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்து எடுக்கிறீர்கள். எழுபது டாலர் தட்டை இன்னும் பிரிக்கவில்லை என்று எழுத உங்களுக்கு வெட்கமாக இல்லையா? அதற்குள் நாலைந்து பேர் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படித் தள்ளிவிட்ட பிரதிகளுக்குப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் கலைஞர்களுக்கு ராயல்டி கிடையாது. மூலை வெட்டிய உறை என்றால் அநேகமாக அவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை என்று பொருள். நம்மால் முடிந்தது கேட்பது ஒன்றுதான், அதையும் செய்யாமல் வைத்திருக்கிறீர்கள்.

ஃபோனுக்குப் பதில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சபாவில் கச்சேரி என்றால், பாடுவது யார் என்பதற்கு அடுத்து ‘மிருதங்கம் யாரு?’ என்று கேட்கிறோம் இல்லையா? அந்தக் கேள்வியைப் பின்னட்டையிடம் கேளுங்கள். ‘ட்ரூ புளூ’வில் ட்ரம்பெட் ஃப்ரெடி ஹப்பார்ட், பியானோ டியூக் ஜோர்டன், பேஸ் சாம் ஜோன்ஸ், டிரம்ஸ் ஆர்ட் டெய்லர். ஜோர்டன் யார்? 1947இல் சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கரின் குழுவில் பியானோ வாசித்தவர். அதே குழுவில் ட்ரம்பெட் வாசித்த இளைஞர்தான் உங்கள் மைல்ஸ். ஒரே மேடையில் இருந்த இருவரில் ஒருவர் முதல் வரிசைக்குப் போனார். இன்னொருவர் 1960களில் நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டினார்.

ஜோர்டன் என்ற பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டுதான் பல வருடம் முன்பு நியூயார்க்கில் ஒரு கடையின் தரைப் பெட்டியில் ‘ஃப்ளைட் டு டென்மார்க்’ என்ற ஆல்பத்தை எடுத்தேன். ஒரு சாப்பாட்டு விலைகூட இல்லை. உறையில் மொட்டை மரங்களுக்கு நடுவே பனியில் தனியாக நிற்கிறார் ஜோர்டன். 1973இல் கோபன்ஹேகனில் ஸ்டீபிள்சேஸ் கம்பெனிக்காகப் பதிவு செய்தது. அதில் ‘எவ்ரிதிங் ஹாப்பன்ஸ் டு மீ’ என்ற பழைய பாட்டை வாசிக்கிறார். ஒரு ஸ்வரம்கூடக் கூடுதல் இல்லை. தன் திறமையைக் காட்ட வேண்டும் என்ற அவசரமே இல்லை. பாட்டின் சொற்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டே விரலை வைப்பது போலிருக்கும். அன்று ராத்திரி அந்தப் பக்கத்தை மாற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் தூங்கிய என் அக்கா எழுந்து வந்து திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, ‘இது யாருடா?’ என்று கேட்டாள். அவளுக்கு ஜாஸ் பிடிக்காது. அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் எட் திக்பென், பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் புகழ்பெற்ற மூவர் குழுவில் வாசித்தவர். அந்தக் குழுவின் பழைய எல்பிகள் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். வழி இப்படித்தான் போகும், எந்தப் பட்டியலும் வேண்டாம்.

டீனா புரூக்ஸை மலிவாகக் கேட்க ஒரு வழி சொல்கிறேன். ஆர்கன் வாசிக்கும் ஜிம்மி ஸ்மித்தின் ‘த செர்மன்’ பழைய கடைகளில் கிடைக்கும். தலைப்புப் பாடல் இருபது நிமிடம், 1958இல் பதிவானது. லீ மோர்கன், லூ டொனால்ட்சன் என்று பெரிய பெயர்கள். அவர்களுக்கு நடுவில் டெனார் வாசிப்பவர் புரூக்ஸ். யாருடைய முறை எது என்று அட்டையைப் பார்க்காமல் கண்டுபிடிக்கப் பாருங்கள். ஆர்ட் டெய்லர் பெயரையும் தேடுங்கள். 1950களில் பிரெஸ்டீஜ் கம்பெனிக்கு அவர் வாசித்தவை ஏராளம். ஓஜேசி (ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்) என்ற வரிசையில் வந்த மறுபதிப்புகள் பழைய அட்டைப் படத்தோடே வரும், பின்னட்டையில் பெயர்கள் தெளிவாக இருக்கும்.

இந்தச் சனிக்கிழமை ஃபோனைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அதற்கு முன் அந்த எழுபது டாலர் தட்டைப் பிரித்து இரண்டு பக்கமும் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். விலை எனக்கு வேண்டாம். பேஸ் யார், டிரம்ஸ் யார்?