நிலவறைத் தரைக்கு எதைப் போடலாம்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நம்ம ஊரில் கொத்தனார்கள் 'பேஸ்மட்டம்' என்றால் வீட்டைத் தூக்கிக் கட்டும் அடிப்பீடத்தைச் சொல்வார்கள். இங்கே நான் பேசப்போவது தரைமட்டத்துக்குக் கீழே, கான்கிரீட் தளத்தோடு இருக்கும் அறையைப் பற்றி. சென்னையில் பல வருடங்களாகத் தரை வேலைகளை மேற்பார்த்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, வேளச்சேரியில் எங்கள் வீட்டு நிலவறையைப் படிப்பறையாக மாற்றப்போகிறோம். தளம் நன்றாகக் காய்ந்திருக்கிறது. மரத்தரை போடலாமா?

எந்த மாதத்தில் பார்த்தீர்கள் தம்பி? சித்திரை வெயிலில் எல்லாத் தளமும் காய்ந்துதான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்தபிறகு பார்க்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். தரை திறந்து கிடக்கும்வரை அந்த ஈரம் காற்றில் போய்விடும், உங்களுக்குத் தெரியாது. மேலே மரத்தைப் போட்டு மூடிவிட்டால் எல்லாம் மரத்துக்குள்தான் போகும்.

ஒரு சோதனை செய்யுங்கள், செலவே இல்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடித்த பாலிதீன் ஷீட்டைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நான் இரண்டு நாள் விடுவேன். பிரித்துப் பார்க்கும்போது ஷீட்டின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, கான்கிரீட் கருத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். சுவர் ஓரம், நடு, மூலை என நான்கைந்து இடத்தில் செய்யுங்கள். மழைக்காலத்தில் செய்தால்தான் பலன்.

படிப்பறைக்கு என் பதில்: மரம் வேண்டாம். லேமினேட்டும் வேண்டாம், அதன் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை. ஈரம் பட்டால் ஓரங்கள் உப்பிவிடும், பிறகு அடங்காது.

கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் எஸ்பிசி பலகை தண்ணீருக்கு அசராது என்று கடையில் சொல்கிறார்களே?

பலகை அசராது, உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் தேங்கும் ஈரம் எங்கே போகும்? பூஞ்சை பிடித்து அறையே வாடை அடிக்கும். மேலே சொன்ன சோதனையில் தளம் காய்ந்திருந்தால் கிளிக் செய்து பூட்டும் வகையைப் போடலாம். பசை போட்டு ஒட்டும் வினைல் என்ற பிளாஸ்டிக் தரை மட்டும் வேண்டாம். ஈரம் கான்கிரீட்டின் காரத்தைக் கரைத்து மேலே கொண்டுவரும், அந்தக் காரம் பசையைக் கெடுத்துவிடும்.

அப்படியென்றால் டைல்ஸ்தானா சார்?

ஆமாம், நம்ம ஊர் நிலவறைக்கு நான் முதலில் சொல்வது விட்ரிஃபைடு டைல்ஸ்தான், அதுவும் பளபளப்பில்லாத மேட் வகை. எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் ஒட்டுவதில் கவனம் வேண்டும். ஐந்து இடத்தில் கலவையைக் குவித்து அமுக்கினால் அடியில் வெற்றிடம் நிற்கும், தண்ணீர் அங்கே தங்கும். டைல்ஸ் அட்ஹெசிவைப் பல் கரண்டியால் முழுக்க இழுத்துப் பரப்பச் சொல்லுங்கள். மறுநாள் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வரும் கல்லைப் பெயர்த்துத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

ஆத்தங்குடிக் கல் ஆசையாக இருக்கிறது.

எனக்கும் பிடிக்கும் அம்மா. ஆனால் அது சிமென்ட் கல், ஈரத்தை உறிஞ்சும், மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். மேல்மாடிக் கூடத்தில் போடுங்கள்.

தளம் போட்டு 28 நாள் ஆகிவிட்டது. எப்பாக்சி என்ற பிசின் பூச்சு அடிக்கலாமா?

28 நாள் என்பது கான்கிரீட் பலம் ஏறும் கணக்கு, காயும் கணக்கு இல்லை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று நாங்கள் தோராயமாக வைப்போம். நான்கு அங்குலத் தளத்துக்கு நான்கு மாதம் ஆகும். நான் பார்த்த ஒரு வேலையில் அவசரப்பட்டு அடித்தார்கள், முதல் மழைக்கே கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. சுரண்டி எடுக்க ஆன கூலி, அடித்த கூலியைவிட அதிகம்.

2015-லும், 2023 மிக்ஜாம் புயலிலும் எங்கள் நிலவறையில் இடுப்பளவு தண்ணீர். எந்தத் தரை தாங்கும்?

கோட்டா கல், கடப்பாக்கல், விட்ரிஃபைடு டைல்ஸ் மூன்றும் கழுவித் துடைத்தால் மிஞ்சும். ஆனால் தளத்தின் விரிசல் வழியே ஊற்றுப்போலத் தண்ணீர் எழும்புகிறது என்றால் எந்தத் தரையும் அதை நிறுத்தாது. முதலில் விரிசலையும், சுவரும் தளமும் சேரும் இணைப்பையும் நீர்காப்பு செய்யத் தெரிந்தவரை வைத்து அடைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு மூலையில் குழி எடுத்து, பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று தரையை அதை நோக்கிச் சாய்வாகப் போடுங்கள். தண்ணீர் ஏறினால் தானே ஓடும் நீர்மூழ்கி மோட்டாரை அதில் இறக்குங்கள். மோட்டாருக்கு இன்வர்ட்டர் இணைப்பும் வேண்டும், அந்த இன்வர்ட்டரை மாடியில் வையுங்கள். இதெல்லாம் முடிந்தபிறகு டைல்ஸ் கடைக்குப் போனால் போதும்.