சிஎஸ்ஆர் அனுப்புங்கன்னு கேக்குறாங்க சார், என்ன பண்றது?

கேள்வி: காவேரிப்பட்டணத்துல மாமாவோட மாங்கூழ் கம்பெனி இருக்கு, அதோட வெப்சைட்டு, மெயில் சர்வர் ரெண்டையும் நான்தான் பாத்துக்குறேன். இது நிஜ சைட்டுதான்னு பிரவுசருக்குக் காட்டுற எஸ்எஸ்எல் சர்ட்டிபிகேட்டுக்கு பணம் கட்டியாச்சு, இப்ப சிஎஸ்ஆர் அனுப்புன்னு மெயில் வந்திருக்கு. வித்தவரு போன்ல, பிரைவேட் கீயையும் வாட்ஸ்அப்ல போட்டுவிடு தம்பி, நானே ஏத்தித் தர்றேன்ங்கிறாரு. அனுப்பலாமா? கம்பெனியோட பழைய பேப்பர்ல தர்மபுரி மாவட்டம்னு இருக்கு, அதையும் எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க சார்.
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பிரைவேட் கீங்கிறது உங்க சர்வர்ல மட்டும் இருக்க வேண்டிய ரகசியச் சாவி, அதை அனுப்பவே அனுப்பாதீங்க. அது வேற ஒருத்தர் கைக்குப் போச்சுன்னா உங்க சைட்டு மாதிரியே அவரு ஒண்ணு நடத்தலாம், பிரவுசரும் நம்பிடும். சர்ட்டிபிகேட் குடுக்கிறவங்களுக்கு அது தேவையும் இல்ல. சிஎஸ்ஆர்ங்கிறது சர்ட்டிபிகேட் கேட்டு நாம போடுற மனு. அதுல வெளில காட்டுற உங்க பப்ளிக் கீ, டொமைன் பேரு, கம்பெனி பேரு ஊரு எல்லாம் இருக்கும், கூடவே பிரைவேட் கீயால போட்ட கையெழுத்தும் இருக்கும், அதை வச்சே கீ உங்ககிட்டதான் இருக்குன்னு அவங்க தெரிஞ்சுக்குவாங்க.

லினக்ஸ் சர்வர்னா ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற புரோகிராமோட ரெக் (req) கமாண்டுல நியூகீ (-newkey) ஆப்ஷன் போட்டு ஆர்எஸ்ஏ 2048 குடுங்க, கீ ஒண்ணு சிஎஸ்ஆர் ஒண்ணுன்னு ரெண்டு ஃபைல் வரும். நோட்ஸ் (-nodes) ஆப்ஷனையும் சேத்துக்கோங்க, இல்லன்னா கீயை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிடும், அப்புறம் சர்வரை ரீஸ்டார்ட் பண்றப்பல்லாம் அதைக் கேட்டு உசுர வாங்கும்.

அது கேக்குற கேள்விக்கு சும்மா எண்டர் தட்டிட்டே போயிடாதீங்க. உபுண்டுல அப்படித் தட்டுனா நாடு ஆஸ்திரேலியா, கம்பெனி பேரு இன்டர்நெட் விட்ஜிட்ஸ்னு வந்து நிக்கும்! நாட்டுக்கு ஐஎன், மாநிலத்துக்கு டிஎன்னு சுருக்காம தமிழ்நாடுன்னு முழுசா இங்கிலீஷ்ல, அப்புறம் ஊரு. மாவட்டத்துக்குன்னு தனிக் கட்டமே கிடையாது, அதனால 2004ல தர்மபுரியில இருந்து கிருஷ்ணகிரி தனியா பிரிஞ்ச கதை இங்க குறுக்க வராது. நீங்க வாங்குனது வெறும் டொமைன் சரிபாக்குற ரகம்னா இதையெல்லாம் அவங்க கண்டுக்கவே மாட்டாங்க, கம்பெனியையும் சரிபாக்குற ஓவி ரகம்னாதான் பேரும் விலாசமும் பேப்பரோட ஒத்துப்போகணும், அதுக்கு முன்னாடி பழைய விலாசத்தை மாத்தி வச்சிருங்க. சேலஞ்ச் பாஸ்வேர்டு கேட்டா காலியா விட்டுருங்க.

முக்கியமா மெயில் சர்வர். காமன் நேம்ங்கிற கட்டத்துல ஒரு பேரு மட்டும் போட்டா பத்தாது, 2017ல இருந்தே குரோம் அதைப் பாக்குறதில்ல, சர்ட்டிபிகேட் எந்தெந்தப் பேருக்குச் செல்லும்னு சொல்ற எஸ்ஏஎன்ங்கிற பட்டியலைத்தான் பாக்குது. வெறும் டொமைன், டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டது, மெயில் போட்டது மூணும் அதுல இருக்கணும், உங்க சர்ட்டிபிகேட்டுல எத்தனை பேரு அடங்கும்னு வித்தவருகிட்ட கேட்டுக்கோங்க.

சிஎஸ்ஆர் அனுப்புன பிறகு, சரியா பண்ணோமான்னு சந்தேகம் வந்து அதே கமாண்டை இன்னொருக்கா ஓட்டிடாதீங்க. சத்தமில்லாம பழைய கீ மேலேயே புதுசை எழுதிடும், வர்ற சர்ட்டிபிகேட் சேராது, மறுபடி மொதல்ல இருந்து.

கேள்வி: நான் செர்ட்பாட்ங்கிற புரோகிராம் வச்சு, இலவசமா கிடைக்கிற லெட்ஸ் என்க்ரிப்ட் சர்ட்டிபிகேட் போட்டேன். சிஎஸ்ஆர்னு எதுவும் கேக்கலியே?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: அதுவே உள்ளுக்குள்ள போட்டு அனுப்பிடுதுங்க. 90 நாள் சர்ட்டிபிகேட், தானா புதுப்பிச்சுக்கும். காசு குடுத்து வாங்குறதுக்கும் 2026 மார்ச் 15ல இருந்து உச்சவரம்பு 200 நாள்தான், 2029 மார்ச்சுல அது 47 ஆகுது. காவேரிப்பட்டணம் தம்பியும் இந்தப் பக்கம் வந்துடறது நல்லது.