நகர்மன்றம் நியமிக்கும் குழுக்களில் கட்சி சாராத ஒருவர் இடம்பெற முடியுமா?

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்கள் அமைக்கும் குழுக்களுக்கு உறுப்பினர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்தக் கட்சியிலும் இல்லாத ஒருவருக்கு அதில் இடம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் படித்தவுடன், ஏதோ ஓர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு "பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்பியவர் நீங்கள் என்றே எனக்குத் தோன்றியது. கிடைக்கும் என்பதுதான் என் பதில். ஆனால் மன்றம் கூடும் நாளில் அது கிடைப்பதில்லை. நியமனம் சட்டப்படி மன்றத் தீர்மானத்தால் நடந்தாலும், பொருள் மன்றத்தின் முன் வைக்கப்படும்போது பெயர்கள் பெரும்பாலும் அலுவலகக் குறிப்பிலேயே தட்டச்சாகியிருக்கும்; அதற்குப் பிறகு நடப்பது படித்து ஏற்றுக்கொள்ளும் சடங்கு மட்டுமே. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அப்படித் தட்டச்சான பட்டியல் ஒன்றில், என்னையே கேட்காமல், என் பெயர் இருந்தது.

அதற்குப் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். செய்தித்தாளில் நீங்கள் பார்க்கும் நியமனக் குழு, வரிவிதிப்புக் குழு, பணிகள் குழு, சுகாதாரக் குழு போன்றவை எல்லாம் கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்பவை. நியமனக் குழு என்ற பெயரைப் பார்த்துவிட்டு அதுதான் நம்மை நியமிக்கும் என்று நினைத்தவர்களை நான் அறிவேன். அது பணியாளர் நியமனத்துக்கான குழு. பொதுமக்களுக்கு அங்கே இடமில்லை.

நமக்கு இடமுள்ளவை வேறு. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தபோதே, 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று விதித்துவிட்டது. 55 வார்டுகள் கொண்ட நமது திருநெல்வேலி மாநகராட்சி அந்த வரம்பைத் தாண்டியது. ஆனாலும் தமிழ்நாட்டில் வார்டு குழு, வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளரும் கூடும் பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகள் கூடின. வார்டு குழுவுக்கு வார்டு கவுன்சிலர் தலைவராக இருக்க, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரை மன்றம் நியமிக்கிறது. கவுன்சிலருக்குப் பிடிக்காதவர் பெயர் அங்கே எழுதப்படுவது கடினம் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

தெருவோர வியாபாரிகளுக்கான விற்பனைக் குழு இதற்கு நேர்மாறானது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆணையர் அதற்குத் தலைவர். உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இடங்களிலும் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. கொக்கிரகுளத்திலோ டவுன் ரத வீதியிலோ வண்டி தள்ளுபவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வாக்குரிமையை, நான் இருந்த குழுவின் விஷயத்தில் எந்தச் சட்டமும் யாருக்குமே கொடுக்கவில்லை.

நான் இருந்தது பல்லுயிர் மேலாண்மைக் குழுவில். பெயரைக் கேட்டாலே பலருக்குச் சிரிப்பு வரும். ஊரின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் பாதுகாக்கவும், அவற்றை ஒரு பதிவேட்டில் குறித்துவைக்கவும் ஒவ்வொரு உள்ளாட்சியும் இப்படியொரு குழுவை அமைக்க வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டம். 2004ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு தலைவரும், உள்ளாட்சி நியமிக்கும் ஆறு பேருக்கு மிகாத உறுப்பினர்களும் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினரும் இருக்க வேண்டும், தலைவரின் பதவிக்காலம் மூன்றாண்டு என்று இருந்தது. மூலிகை அறிந்தவர், விவசாயி, மீனவர், வனப்பொருள் சேகரிப்பவர் அல்லது அதை வணிகம் செய்பவர் என்று எத்தகையோரை எடுக்கலாம் என்பதை வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. அந்த ஊரில் வசித்து, அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். 2023இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டதால், உங்கள் ஊருக்கு இப்போது பொருந்தும் எண்ணிக்கையை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு பேரூராட்சியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த அலுவலகத்தில்தான் நான் இன்னும் தொழில் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. 2020 தொடக்கத்தில் ஒரு பிற்பகல் வரி தண்டலர் ஒரு கோப்போடு கடைக்கு வந்து, "அக்கா, ஒரு கையெழுத்துப் போடுங்க. எல்லாரும் போட்டாச்சுல்லா, நீங்க மட்டும்தான் பாக்கி" என்றார். எதற்கு என்று கேட்டபோது, நான் ஒரு குழுவில் உறுப்பினர் என்றும், அக்குழு கூடிப் பேசி ஒரு பதிவேட்டை ஏற்றுக்கொண்டதாகத் தீர்மானம் ஆகியிருக்கிறது என்றும் சொன்னார். குழு கூடியது எனக்குத் தெரியாது. குழு இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்த அவசரத்தின் காரணம் பிறகுதான் விளங்கியது. 2020 ஜனவரி 31க்குள் நாடெங்கும் இக்குழுக்கள் அமைந்து பதிவேடும் முடிந்திருக்க வேண்டும், தவறினால் பிப்ரவரி முதல் ஒவ்வொரு மாநிலமும் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருந்தது. அப்போது எங்கள் ஊரில் மன்றமும் இல்லை. 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தனி அலுவலர் ஆட்சிதான். மன்றமும் அவரே, தீர்மானமும் அவரே என்ற நிலையில், பெண் ஒருவர் வேண்டும், மூலிகை தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்ற இரண்டு கட்டங்களையும் ஒரே பெயரில் நிரப்ப என் கடைப் பலகை அவர்களுக்கு உதவியிருக்கிறது.

கையெழுத்துப் போடவில்லை. பதிவேட்டைப் பார்க்காமல் போட மாட்டேன் என்றேன். வரி தண்டலர் என்னிடம் வாதாடவில்லை. நேராக என் கணவரின் கைபேசிக்கு அழைத்து, "அண்ணாச்சி, மதினிகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குழு தொடர்பாக வந்த ஒவ்வொரு கடிதத்திலும் என் பெயருக்கு முன்னால் என் கணவரின் பெயர் இருந்தது. அழைப்புகள் எல்லாம் அவருக்கே போயின. கூட்டம் என்று ஒன்று நடந்த நாளில்கூட "அண்ணாச்சியை அனுப்பினாப் போதும்" என்றார்கள். என் கணவர் மின்சாதனக் கடை வைத்திருப்பவர். அவருக்குத் தூதுவளையும் சுண்டைக்காயும் ஒன்றுதான். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று விதி எழுதியவர்கள், அந்தப் பங்குக்கு உரிய கடிதம் யார் பெயருக்கு வரும் என்பதையும் ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

பதிவேடு ஒரு வாரம் கழித்து வந்தது. எங்கோ ஒரு மலை ஊருக்காகத் தயாரித்ததில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள் என்பது என் ஊகம். ஏனெனில் வயலும் குளமும் வாய்க்காலும் தவிர வேறொன்றும் இல்லாத எங்கள் ஊரில் ஏலமும் காப்பியும் விளைவதாக அதில் இருந்தது. எங்கள் வரப்புகளில் மண்டிக் கிடக்கும் நீர்முள்ளி இல்லை, பொடுதலை இல்லை, ஆற்றங்கரை மருதமும் இல்லை. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, இன்னின்ன பக்கத்தில் இன்னின்ன பிழை என்று குறித்து, இவை திருத்தப்பட்டால் கையெழுத்திடுகிறேன் என்று கடிதம் கொடுத்து, அதன் நகலில் அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அந்த ஒப்புகைக்கும் ஓர் இடம் உண்டு. மாற்றங்கள் செய்யப்பட்டன, ஏலத்தை எடுத்துவிட்டார்கள், காப்பி மட்டும் ஏனோ தங்கிவிட்டது.

அந்தத் தாளை எழுதும்போது எனக்கு உதவியவர் ஓர் ஆச்சி. கார் அறுவடைக்கும் பிசான நடவுக்கும் இடைப்பட்ட நாட்களில் வாய்க்கால் கரையெல்லாம் அலைந்து மூலிகை பறித்து எங்கள் கடைக்குக் கொண்டுவருபவர். எது எந்தக் கரையில் எந்த மாதத்தில் கிடைக்கும், எது பத்தாண்டுகளாகக் குறைந்துவருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் எடைபோட்டு வாங்கிக் காயவைத்து விற்பவள், அவ்வளவுதான். இக்குழுவின் அதிகாரத்தில் ஒன்று பலரும் கவனிக்காதது: உள்ளாட்சி எல்லைக்குள் வணிகத்துக்காக உயிரியல் வளங்களைச் சேகரிப்பவரிடம் கட்டணம் விதிக்கச் சட்டத்தின் 41ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. பறிப்பவரிடமே கட்டணம் கேட்கக்கூடிய ஒரு குழுவில் பறிப்பவர் ஒருவர்கூட இல்லாதது எனக்கு உறுத்தியது. கட்டணம் வராமல் தடுக்கத்தான் கடைக்காரி இவ்வளவு பாடுபடுகிறாள் என்று இதைப் படிக்கும் சிலர் சொல்லக்கூடும். கட்டணம் வந்தால் எனக்கும் கவலைதான் என்பதை மறைக்கவில்லை. அதற்காக என் சொல் பொய்யாகிவிடாது.

2023இல் மூன்றாண்டு முடிந்து, புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் குழுவைத் திருத்தி அமைக்கப்போகிறது என்று அறிந்தவுடன், கூட்டப் பொருள் தயாராகும் முன்பே செயல் அலுவலருக்கும் தலைவருக்கும் தனித்தனியாக எழுதினேன். விதியில் உள்ள வகைகளை வரிசையாகக் குறிப்பிட்டு, சேகரிப்பவர் என்ற வகையில் ஊரில் இன்னார் இருக்கிறார், இந்த வார்டில் வாக்காளர், அவரது சம்மதக் கையொப்பம் இத்துடன் உள்ளது என்று இணைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவரை எப்படிப் போடுவது என்று ஒரு கவுன்சிலர் ஆட்சேபித்தாராம். படிப்புத் தகுதி விதியில் இல்லை என்பதை என் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்திருந்தேன். தலைவர் அதை வாசித்துக் காட்டியிருக்கிறார். தீர்மானம் நிறைவேறியது.

ஆச்சி உறுப்பினரானார். பெண்ணுக்கும் மூலிகைக்கும் ஒரே பெயர் என்ற பழைய கணக்கே மறுபடியும் செல்லுபடியானதால், என் பெயர் விடுபட்டது.

கட்சிக்காரர்களை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தலைவரும் ஒரு கட்சிக்காரர்தான். கடிதம் கையில் இருந்ததால் அவரால் பேச முடிந்தது. பட்டியல் எழுதும் இளநிலை உதவியாளரும் கெட்டவர் அல்லர். விதியில் சொன்ன வகைக்கு ஆள் தேடும் வேலை அவர் தலையில் விழுகிறது. தேடப் போக அவருக்கு நேரமில்லை. தெரிந்தவர் பெயரை எழுதுகிறார். ஆகவே "எனக்கு ஆர்வம் உள்ளது, வாய்ப்பு தாருங்கள்" என்ற மனு அவருக்கு உதவாது. எந்தக் குழு, எந்த விதி, அதில் எந்த வகை, அந்த வகைக்கு நீங்கள் ஏன் பொருந்துகிறீர்கள், வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகமும் வரிசை எண்ணும் என்ன என்று எழுதினால், உங்கள் கடிதத்தையே அவர் குறிப்பாக எடுத்துக்கொள்ள முடியும். நியமனம் ஆன பின் தீர்மான நகலைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுச் செய்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். யாரை, எந்த வகையில், எந்தத் தேதியில் போட்டார்கள் என்பது அதில் இருக்கும். பதவிக்காலம் எப்போது முடிகிறது என்பதையும் அதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வெளிப்படையாகச் செய்யவே முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு சொல். 2025இல் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டம் திருத்தியபோது, விண்ணப்பம் கேட்டு, கடைசித் தேதி சொல்லி, பொது அறிவிப்பு வெளியிட்டார்கள். அந்த உறுப்பினர்களுக்கு மன்றத்தில் வாக்குரிமை இல்லை என்பது வேறு விஷயம். மன்றத்துக்குள் உட்காரும் உறுப்பினருக்கே அறிவிப்புப் பலகையில் விளம்பரம் செய்ய முடிகிறது என்றால், வாய்க்கால் கரைக் குழுவுக்குச் செய்வதில் என்ன செலவு வந்துவிடப்போகிறது?

ஆச்சி இப்போது கூட்டங்களுக்குப் போய்வருகிறார். அவருக்குக் கைபேசி இல்லாததால் அழைப்பு எங்கள் கடைக்கே வருகிறது, இன்னமும் என் கணவர் பெயருக்கு. ஆச்சியின் பதவிக்காலம் முடியும்போது மறுபடியும் எழுதுவேன். சேகரிப்பவர் என்ற வகையில் அவர் பெயரையும், வணிகர் என்ற வகையில் என் பெயரையும் தனித்தனித் தாளில். நெறிமுறையில் அவை இரண்டு வகைகளாகத்தான் இருக்கின்றன என்பது என் வாதம். இல்லை என்பவர்கள் மன்றத்தில் எழுந்து சொல்லட்டும்.