கோச்சி ஞாயிற்றுச் சந்தைல பேரம் பேசலாமா?

கேள்வி: ஒசாகாவுல இருக்கோம், நவம்பர்ல ஷிகோகு தீவுல இருக்கிற கோச்சி ஊருக்குப் போறோம். அங்க ஞாயிற்றுக்கிழமை சந்தை ஃபேமஸ்னு சொல்றாங்க. காய்கறி விலை கம்மியா இருக்குமா, பேரம் பேசலாமா? நாங்க சைவம். டிசம்பர்ல சென்னை போறப்ப ஏதாவது எடுத்துட்டுப் போகலாமா?

பதில்: கண்டிப்பா போங்க. 1690லேர்ந்து நடக்கிற சந்தை, கோச்சி கோட்டை வாசல்லேர்ந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டருக்கு ரோட்டோரமா கடை போட்டிருப்பாங்க. காலைல சீக்கிரம் போயிடுங்க, நல்ல சரக்கு முதல்லயே போயிடும்.

பேரம் வேண்டாங்க. கூறு கட்டி, அட்டைல விலை எழுதி வச்சிருப்பாங்க, அதான் விலை. பெரும்பாலும் வயசான அம்மாக்கள் சொந்தத் தோட்டத்துல வெளஞ்சதைக் கொண்டு வந்து விக்கிறாங்க, விலையும் ஏற்கெனவே நியாயமாத்தான் இருக்கும், அதுல போய் பத்து இருபது யென் கொறைக்கச் சொல்றது எனக்குப் பிடிக்கல. ரெண்டு மூணு கூறு வாங்கினா சில பேர் அவங்களாவே கொசுறு போடுவாங்க. அட்டை இல்லன்னா "இகுரா தெஸ் கா", அதாவது விலை எவ்வளவுன்னு கேளுங்க. பழத்தை அமுக்கிப் பாக்காதீங்க, கைகாட்டினா அவங்களே எடுத்துக் குடுப்பாங்க. கார்டை நம்பிப் போகாம 100 யென் காசும் 1000 யென் நோட்டும் பையில வச்சுக்கோங்க, துணிப்பையும் மறக்காதீங்க.

எல்லாருமே விவசாயிங்க இல்ல, வாங்கி விக்கிறவங்களும் உண்டு. நாலஞ்சு சீசன் காய் மட்டும் வச்சிருக்கிற சின்னக் கடையா பாருங்க. நவம்பர்ல இஞ்சியும் யுசுப் பழமும் விடவே கூடாது, ரெண்டுலயும் ஜப்பான்லயே கோச்சிதான் முதலிடம். புது இஞ்சி நார் இல்லாம இருக்கும், புளி இஞ்சி பண்ணிப் பாருங்க அப்புறம் சூப்பர்மார்க்கெட் இஞ்சி பக்கமே போக மாட்டீங்க, ஆனா சீக்கிரம் வாடிடும், ரெண்டு வாரத்துக்கு ஆகுற அளவு வாங்கினா போதும். யுசு எலுமிச்சை மாதிரிதான், வாசனை மட்டும் வேற, தோலைத் துருவி ரசத்துல போட்டா அருமையா இருக்கும்.

சைவம்னா ஊறுகாய், மிசோ (சோயா விழுது), சுஷி மூணுலயும் கவனம். காய் மட்டும் வச்ச சுஷியா தெரியும், சோத்துல மீன் கலந்திருக்கலாம். கோச்சி கட்சுவோ மீனுக்குப் பேர் போன ஊரு, அதனால "சகானா ஹைட்டே இமாஸ் கா", அதாவது மீன் இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க.

சென்னைக்கு பச்சையா இஞ்சியோ பழமோ வேண்டாம், தாவர சுகாதாரச் சான்றிதழ் இல்லாம கொண்டு போனா ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க. சீல் போட்ட யுசு ஜூஸ் பாட்டில் வாங்கி செக்-இன் பெட்டில வைங்க. தோசா (கோச்சியோட பழைய பேரு) கத்தியும் அங்க கிடைக்கும், அதுவும் செக்-இன்லதான்.