ரோமானிய மாகாண வெள்ளிக் காசுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன் தலை பொறித்த, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அச்சிட்ட நான்கு திராக்மா (கிரேக்க நாணய அலகு) காசில் ஆங்கில ‘எல்’ போன்ற குறியும் அதையடுத்து ‘பி’ போன்ற எழுத்தும் உள்ளன. இது எந்த ஆண்டுக் காசு? கறுத்திருப்பதால் போலியோ என்ற ஐயமும் உள்ளது.

பதில்: முதலாவது ‘ஆண்டு’ என்பதற்கான குறி, அடுத்தது பீட்டா என்னும் கிரேக்க எழுத்து, எண்ணாக இரண்டு. ஹாட்ரியன் கி.பி. 117 ஆகஸ்ட் 11-இல் ஆட்சிக்கு வந்தார். ஆனால் எகிப்தில் ஆட்சியாண்டுகள் அந்நாட்டுப் புத்தாண்டை ஒட்டியே எண்ணப்பட்டதால், அவருடைய முதல் ஆண்டு 18 நாள்களில் முடிந்து, ஆகஸ்ட் 29 அன்றே இரண்டாம் ஆண்டு பிறந்துவிட்டது. ஆகவே தங்கள் காசு 117–118-ஐச் சேர்ந்தது. இவ்வளவு நெருக்கமாகக் காலத்தைச் சொல்லும் பழங்காசுகள் அரியவை. கறுப்பு நிறத்தை மட்டும் வைத்துப் போலி எனக் கருத வேண்டாம். பேரரசர் திபேரியஸ் கி.பி. 20–21-இல் தொடங்கிய இவ்வரிசையில் தொடக்கம் முதலே செம்பு மிகுதியாகக் கலந்திருந்தது. நீரோ காலத்தில் வெள்ளி மேலும் குறைந்தது. எகிப்துக்குள் அந்நாட்டுக் காசு மட்டுமே செல்லும் என்ற ஏற்பாடு இருந்தமையால், உலோக மதிப்பைவிட உயர்ந்த முகமதிப்பில் அதைப் புழங்கவிட அரசால் முடிந்தது.

கேள்வி: கரூரில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளும் மாகாணக் காசுகள்தாமா?

பதில்: அல்ல. தமிழகத்தில் மிகுதியாகக் கிடைப்பவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துத் தெனாரியஸ் என்னும் ரோமானிய வெள்ளிக் காசுகள். அவற்றுள் பெரும்பாலானவை இன்றைய பிரான்சின் லியோன் நகரில், அதாவது ஒரு மாகாணத்தில்தான் அச்சிடப்பட்டன; எனினும் இலத்தீன் எழுத்துப் பொறிப்புடன் பேரரசு முழுமைக்கும் உரிய தரத்தில் வெளிவந்ததால் அவை பேரரசுக் காசுகளே. கப்பல்கள் எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து புறப்பட்டபோதும் நம் புதையல்களில் தெனாரியஸ் நிறைந்திருப்பதன் காரணம், முந்தைய பதிலில் கூறிய அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியுள்ளது என்பது என் கருத்து: நல்ல வெள்ளிக்கே கடல் கடந்தும் மதிப்பு உண்டு.

கேள்வி: இத்தகைய காசுகளைப் புளி தேய்த்துக் கழுவலாமா?

பதில்: கூடாது. பழைய வெள்ளி நொறுங்கும் தன்மையுடையது. அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநரிடமே ஒப்படையுங்கள்.

கேள்வி: யூதக் காசு ஒன்றில் திராட்சைக் கொத்தின் அடியில் ஒரு முகத்தின் தடம் தெரிகிறது. இது பழுதா?

பதில்: பழுதன்று, சான்று. ரோமுக்கு எதிரான கி.பி. 132–135 யூத எழுச்சியின்போது, அதன் தலைவர் பார் கொக்பாவின் தரப்பினர் புழக்கத்தில் இருந்த தெனாரியஸ், திராக்மா காசுகளின் மீதே தங்கள் எபிரேய அச்சைக் குத்தினர். பேரரசர் திராஜன் 106-இல், இன்றைய ஜோர்தான் பகுதியில் இருந்த நபத்தேய அரசைச் சேர்த்துக்கொண்ட பின் அரேபிய மாகாணத்துக்காக வெளியிட்ட, ஒட்டக உருவம் பொறித்த திராக்மாக்களும் இவ்வாறு பயன்பட்டன. அவற்றுள் சிலவோ நபத்தேய மன்னரின் வெள்ளிக் காசுகள் மீது குத்தப்பட்டவை. எனவே அடியில் இருப்பது தெனாரியஸா திராக்மாவா என்று அறிய, காசைச் சாய்ந்த ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மிஞ்சிய எழுத்து கிரேக்கமா இலத்தீனா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.