வாசகர் கேள்வி – பதில்: பொட்டலத்தின் மேல் பெயர் இருக்கட்டும்

கேள்வி: அக்கா, அலுவலகத்தில் நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் பொம்மை, துணிமணி கொடுத்து வருகிறோம். இந்த முறை அந்த இல்லத்தின் பொறுப்பாளர், "சின்னப் பிள்ளைகளுக்குத் தர நிறையப் பேர் இருக்கிறார்கள், 18 வயது முடிந்து வெளியே போகிறவர்களுக்கு ஏதாவது செய்யுங்களேன்" என்றார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

பதில்: அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கரடி பொம்மை வாங்கிக் கொடுக்க எல்லோருக்கும் மனசு வரும், மீசை முளைத்த பையனைப் பார்த்தால் "இனி அவன் பிழைத்துக்கொள்வான்" என்று விட்டுவிடுகிறோம். அந்த வயதில் அவனிடம் இருப்பது இரண்டு பைகளும் ஒரு வாடகை அறையின் சாவியும்தான். கூட வேலை பார்க்கிறவர்கள் பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்புவார்கள், இவன் எங்கே போவான்? வளர்ந்த இல்லத்தில் அவன் கட்டிலில் அதற்குள் வேறு ஒரு பிள்ளை படுத்திருக்கும்.

கடைக்குப் போகும் முன் அந்தப் பொறுப்பாளரிடமே திரும்பப் போங்கள். 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளில், வெளியேறும் ஒவ்வொருவருக்கும் முடிந்தவரை அவர் தனியாக நின்றுகொள்ள உதவும் ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் இல்லத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவர்தான் உங்களுக்கு வலது கை. எத்தனை பேர், யார் எங்கே தங்கியிருக்கிறார், யாருக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் மூலம் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்டு வாங்குங்கள்: உனக்கு என்ன தேவை, உனக்கு என்ன ஆசை. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் கேட்டுக் கேட்டு இல்லை என்றே பழகிய பிள்ளைகள் தேவையை மட்டும் சொல்லிவிட்டு ஆசையை விழுங்கிவிடுவார்கள்.

அக்டோபரில் தொடங்கி நவம்பர் நடுவில் பட்டியலை முடித்துவிடுங்கள், டிசம்பர் முதல் வாரத்துக்குள் பொருள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துவிட வேண்டும், 20-ஆம் தேதிக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒருவருக்கு இவ்வளவு என்று ஒரே தொகையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒன்றாக வளர்ந்தவர்கள், கட்டாயம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பட்டியலில் இல்லாமல் கடைசி நேரத்தில் இரண்டு மூன்று பேர் வந்து நிற்பார்கள், அவர்களுக்காகவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிற மாதிரி நாலைந்து பொட்டலம் கூடுதலாக வையுங்கள்.

அப்புறம் பெயர் விஷயம். நாங்கள் முதல் வருடம் செய்தபோது அந்தரங்கம் காக்கிறோம் என்று நினைத்து ஒவ்வொரு பொட்டலத்திலும் "ஆண், 19 வயது", "பெண், 18 வயது" என்று சீட்டு ஒட்டியிருந்தோம். ஒரு பையன் பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமல், அந்தச் சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "அக்கா, இது எனக்கா, இல்லை 19 வயசுப் பையன் யார் வந்தாலும் கொடுப்பீங்களா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பொருள் வாங்குகிறவர்களுக்கு ஒரு எண்ணும் அளவும் விருப்பமும் மட்டும் கொடுத்தோம், பெயரைக் கடைசியில் இல்லத்து ஊழியர் தன் கையால் எழுதினார். வெளியாருக்கு யார் யார் என்று தெரியாது, பிள்ளைக்குத் தன் பெயர் இருக்கும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: வீட்டில் நல்ல நிலையில் இருக்கும் பழைய துணி, பாத்திரம் தரலாமா?

பதில்: கிறிஸ்துமஸ் பரிசாக வேண்டாம். அறை அமைக்க உதவும் சாமான்களை வேறொரு நாளில், "இது வேண்டுமா?" என்று கேட்டுக் கொடுங்கள். பரிசு புதிதாக இருக்கட்டும், மாற்றிக்கொள்ள வசதியாக ரசீதும் உள்ளே இருக்கட்டும்.

கேள்வி: என்ன வாங்குவது என்ற குழப்பத்துக்குப் பணமாகவோ கிஃப்ட் கார்டாகவோ கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். அது அன்பில்லாத மாதிரி இருக்காதா?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதுவரை உடுப்பு முதல் சோப்பு வரை யாரோ வாங்கிக் கொடுத்ததையே பயன்படுத்தியவருக்கு, கடைக்குள் நுழைந்து தானே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயம். கார்டு கொடுத்தால் காலாவதி தேதியைப் பாருங்கள், கடையில் அதைச் செயல்படுத்தித் தந்தார்களா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். செயல்படாத கார்டோடு பில் போடுமிடத்தில் அந்தப் பிள்ளையை நிற்க வைத்துவிடக் கூடாது. ஆனால் வெறும் கவரோடு நிறுத்தாதீர்கள், பிரித்துப் பார்க்க ஒரு பொருளும் கூட வையுங்கள். நல்ல பூட்டு, குடை, கெட்டியான போர்வை, திருப்புளி சுத்தியல் அடங்கிய சின்னப் பெட்டி, அலாரம் கடிகாரம். கடிகாரத்தைச் சும்மா சொல்லவில்லை. இல்லத்தில் மணி அடித்து எழுப்புவார்கள், தனி அறைக்கு வந்த முதல் மாதம் எழுப்ப ஆளில்லாமல் வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கிய ஒரு பெண், அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கேட்டது அதைத்தான்.

கேள்வி: நன்கொடை தரும் நிறுவனம், பரிசு கொடுக்கும்போது பிள்ளைகளோடு போட்டோ எடுத்துத் தர வேண்டும் என்கிறது. மறுத்தால் பணம் போய்விடுமே?

பதில்: போட்டோ தர முடியாது என்று பணிவாக, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அடுக்கி வைத்த பொட்டலங்களையும், பெயரில்லாத நன்றிக் கடிதத்தையும், பைசா சுத்தமான கணக்கையும் கொடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். வேலையிடத்தில் தன் பின்னணியைச் சொல்லாமல் இருக்கும் ஒரு பெண்ணின் முகம், கையில் பரிசோடு இணையத்தில் வந்தால் அதை எப்படித் திரும்ப எடுப்பீர்கள்? கிறிஸ்துமஸ் தாத்தா கதைக்கு மூலமான மிரா நகரத்துப் பேராயர் நிக்கோலஸைப் பற்றி ஒரு மரபுக் கதை உண்டு. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் வீட்டுக்குள், அவர் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்பை ஜன்னல் வழியாகப் போட்டாராம். வாங்குகிறவர் கூசக் கூடாது என்ற அந்த எண்ணத்தை நிறுவனத்தாரிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நானும் இல்லத்தில் வளர்ந்தவள்தான், இப்போது 22 வயது. போன கிறிஸ்துமஸுக்கு எனக்கும் பரிசு வந்தது, சந்தோஷமாக இருந்தது. ஆனால் 25-ஆம் தேதி முழுக்க அறையில் தனியாகவே இருந்தேன். இப்படிக் கேட்பது நன்றிகெட்டத்தனமா?

பதில்: இல்லவே இல்லை, தங்கச்சி. நீங்கள் சொன்னதைத்தான் எங்களைப் போன்றவர்கள் கேட்க வேண்டும். பரிசு 20-ஆம் தேதியே வந்துவிடுகிறது, கிறிஸ்துமஸ் நாள் காலியாகவே இருக்கிறது. பரிசு திரட்டுகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், பொட்டலத்தோடு ஒரு தொலைபேசி எண்ணும் போகட்டும், அது ஒருவர் நிஜமாகவே எடுக்கிற எண்ணாக இருக்கட்டும். அன்று மதியம் ஒரு கூடத்தைத் திறந்து வைத்து, வருகிறவர் வரட்டும் என்று நாலு பேர் உட்கார்ந்திருங்கள். பேச்சு, மேடை எதுவும் வேண்டாம். வர விரும்பாதவர்களை ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் கேள்வி கேட்ட அலுவலக நண்பர்களின் குழுவுக்கு, என்ன வாங்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்று சொல்ல, அந்த வழியில் நடந்து வந்த ஒருவர் தேவை. உங்களுக்குச் சம்மதம் என்றால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், சேர்த்துவைக்கிறேன்.